மூன்றாவது மரத்தின் உடுப்பு: கோடை முகாம் டிரஸ் அக்காவை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

புறநானூற்றில் வேல், கம்பனில் யானை, மு.வ. நாவல்களில் மாமியார் என்கிற வரிசையில் தமிழ் ஆய்வுலகம் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டது. ரெக்சின் அட்டையும் பொன்னெழுத்துமாக அந்த ஏடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் நிம்மதியாக உறங்குகின்றன. ஆனால் கோடை நாடக முகாமின் கடைசி நாளில், மேடையின் இடது ஓரத்தில், ஒரு வார்த்தையும் பேசாமல் முக்கால் மணி நேரம் கையை விரித்தபடி நிற்கிற மூன்றாவது மரத்துக்கு அத்தனை இலைகள் எங்கிருந்து வந்தன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

இதற்கு நெறியாளர் இல்லை. உதவித்தொகை இல்லை. வாய்மொழித் தேர்வும் இல்லாததால், வந்த பெரியவர்களுக்கு முந்திரி பக்கோடாவும் காபியும் வாங்கிவைக்கிற செலவு மிச்சம்.

ஆய்வு எல்லையும் முறையும்

களம்: மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடம். காலம்: மே மாதத்தில் பதினைந்து நாள், அதாவது கத்திரி வெயில் உச்சியைப் பிளக்கிற நாட்கள். மாதிரி அளவு: ஒரே ஒரு டிரஸ் அக்கா. மாதிரி சிறிது என்று யாரேனும் குறை சொல்லலாம். முகாமுக்கு ஒரு டிரஸ் அக்காதான் வைப்பார்கள். அவருக்கும் சம்பளம் தருவதற்குள் நிர்வாகிகள் இரண்டு முறை பெருமூச்சு விடுவார்கள். ஆகவே இந்த ஆய்வு, கிடைத்த மக்கள்தொகை முழுவதையும் உள்ளடக்கியது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

முறை: பங்கேற்று உற்றுநோக்கல். இவ்வாய்வாளர் அண்ணன் மகளைக் காலையில் கொண்டுவிட்டு, மாலையில் கூட்டிப்போகும் பணியில் இருந்தார். இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக்குப் போனால் ரேஷன் கடை வரிசையில் நிறுத்துவார்கள் என்பதால், உணவுக்கூடத்து மின்விசிறிக்குக் கீழேயே ஆய்வைத் தொடங்கினார். மூன்றாம் நாள் டிரஸ் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கிள், சும்மாதானே உக்காந்திருக்கீங்க. இந்த ஊசியில நூல் மட்டும் கோத்துக் குடுங்க."

ஐம்பதைத் தாண்டிய கண். ஊசிக் காது இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் நூல் போகவில்லை. பத்து நிமிடம் கழித்து ஊசியைப் பறித்துக்கொண்டு, ஊக்குக் கொத்தைப் பிடித்துக்கொள்ளும் பதவி கொடுத்தார்கள். ஆய்வாளரின் நடுநிலை அந்த இடத்தில் குலைந்துவிட்டது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்வது நேர்மை.

பெயராய்வு

முதல் நாள் காலை அவர், "நான் உங்க காஸ்ட்யூம் டிசைனர்" என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். மதியச் சாப்பாட்டுக்குள் அது 'டிரஸ் அக்கா' ஆகிவிட்டது. அதே வேகத்தில் இயக்குநர் 'நாடக சார்' ஆனார். திரைச்சீலை வரைந்தவர் 'பெயிண்ட் அண்ணன்' ஆனார். சாப்பாடு பரிமாறியவர் 'தயிர்சாத ஆண்டி' ஆனார். நன்னூல் வழியில் இவை காரணப் பெயர்கள். இவ்வாய்வாளருக்குக் கிடைத்த 'ஊக்கு அங்கிள்' என்பதும் அப்படியே.

டிரஸ் அக்காவுக்கு வயது இருபத்திரண்டு. பேஷன் டிசைனிங் படித்து முடித்த கையோடு வந்தவர். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர் என்பதால் மிஷின் சத்தத்தில் வளர்ந்தவர். கழுத்தில் இஞ்ச் டேப். இரண்டு கை வளையல்களிலும் ஊக்குகள் தொங்கும். நடந்தால் சலங்கை கட்டியது போலச் சத்தம் வரும். சேட்டை செய்கிற பிள்ளைகள் அந்தச் சத்தத்தை வைத்தே அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கணித்து வைத்திருந்தார்கள்.

அவர் கையில் இருந்த நாற்பது பக்க நோட்டு இந்த ஆய்வின் முதன்மை ஆதாரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. உயரம், மார்பு, தோள், இடுப்பு என்கிற கட்டங்களுக்குப் பிறகு, எந்தத் தையல் கல்லூரியும் கற்றுத்தராத இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, 'கிச்சுக்கிச்சு': அளவெடுக்கும்போது நெளிகிற பிள்ளையா என்பதற்கு. நெளிந்தால் மார்பளவில் ஓர் அங்குலம் குறைத்துக் கொள்ள வேண்டுமாம். சிரிப்பில் நெஞ்சு விரிந்திருக்கும். மற்றது, 'ஒண்ணுக்கு'. இதற்குத் தனி விளக்கம் வேண்டும். கடைசி ஊக்கைக் குத்தி முடித்த அந்த நொடியில், அதற்கு ஒரு நொடி முன்போ பின்போ அல்ல, பிள்ளை நிமிர்ந்து பார்த்து "அக்கா, ஒண்ணுக்கு வருது" என்று சொல்லும். விதிவிலக்கே இல்லாத ஒரு விதியைச் சமூக அறிவியலில் காண்பது அரிது. ஆய்வாளர் கண்டது இது ஒன்றுதான்.

மரபு

உடையின் அருமை தெரியாத ஊரில் இந்த ஆய்வு நடக்கவில்லை. சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்குகிற அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று பார்க்க விடிய விடிய ஆற்று மணலில் காத்துக் கிடக்கிற ஊர் மதுரை. பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும்போது பச்சைப் பட்டு வந்தால் அந்த வருடம் மழையும் விளைச்சலும் செழிக்கும் என்பது நம்பிக்கை. உலகத்தின் பெரிய பெரிய உடை வடிவமைப்பாளர்கள் எல்லாம் தாங்கள் தேர்ந்த நிறத்தைப் பத்திரிகைகள் பாராட்டுமா என்று கவலைப்படுவார்கள். இங்கே ஒரு நிறத்தேர்வின் மேல் நெல் விளைச்சலே நிற்கிறது.

அதோடு முடியவில்லை. மலையிலிருந்து புறப்படும்போது கள்ளர் கோலம். ஆற்றில் இறங்கிய பின் ஓர் இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சி. மச்சம், கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன், மோகினி என்று விடியும்வரை கோலத்துக்குப் பின் கோலம். மேடை நாடகக்காரர்கள் அவசர உடை மாற்றத்துக்கு இரண்டு நிமிடம் போதவில்லை என்று புலம்பும்போது, ஒரே இரவில் இத்தனை கோலங்களை மாற்றி நிறுத்துகிற அந்தக் கைகளை நினைத்துப் பார்ப்பது நல்லது.

திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே எழுப்பிய புதுமண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றும் பெயர். வெயில் காலத்தில் சாமியும் அம்மனும் குளிர்ச்சியாக இருந்து வசந்த விழாக் காணக் கட்டியது. அதாவது, மதுரையின் முதல் கோடை முகாம் அதுதான் என்று இவ்வாய்வாளர் கருதுகிறார். பிற்காலத்தில் அந்தத் தூண்களுக்கு இடையே தையல்காரர்கள் மிஷின் போட்டு உட்கார்ந்தார்கள். திருவிழாவில் வேடம் கட்டுகிறவர்களுக்கான உடையும், பள்ளி மாறுவேடப் போட்டிக்கான பாரதியார் கோட்டும் அங்கே தைத்தார்கள். இப்போது அந்தக் கடைகள் அருகிலேயே குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. நம் டிரஸ் அக்கா ஜிகினாவும் சம்கியும் லேசும் வாங்கியது அந்தப் பக்கத்தில்தான். பேரம் பேசியதை ஆய்வாளர் நேரில் கேட்டார். பதிவு செய்யத் தைரியம் இல்லை.

பிள்ளைகளை மேடையேற்றுவதிலும் இந்த ஊருக்கு வரலாறு உண்டு. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது மதுரையில். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்ததும் அங்கேதான். அவர்களுள் சண்முகம் பிற்காலத்தில் ஔவையார் வேடம் கட்டி, ஔவை சண்முகம் என்றே நிலைத்துவிட்டார். உடுத்தியது ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. கட்டுரையின் முடிவில் இந்தச் சான்று மீண்டும் தேவைப்படும்.

மூலப்பொருள்

முகாமின் உடை நிதி, அக்கா வார்த்தையில், "ஒரு நல்ல பட்டுப்பாவாடைக்குக் கூடக் காணாது." ஆகவே ஒரு தகர டிரங்குப் பெட்டியில் அவர் சேர்த்துவைத்திருந்தவை: பழைய சேலைகள், கிழிந்த திரைச்சீலை, அரிசிச் சாக்கு, சார்ட் அட்டை, தெர்மாகோல், கல்யாண வீட்டில் அவிழ்த்துப் போட்ட சாட்டின் துணி, பக்ரம், எலாஸ்டிக், பெவிகால்.

இவற்றுள் சேலை பற்றி ஒரு குறிப்பு. மதுரைச் சுங்குடி புவிசார் குறியீடு பெற்ற துணி. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சு விழுந்த இடம் சாயம் ஏறாமல் வெள்ளைப் பொட்டாக நிற்கும். அக்கா ஒரு பழுப்புச் சுங்குடியை எடுத்துத் தரையில் விரித்தார். நாங்கள் எல்லோரும் நைந்த சேலையைப் பார்த்தோம். அவர் கத்தரிக்கோலை எடுத்து, "மான்" என்றார். உண்மைதான், பழுப்பில் வெள்ளைப் புள்ளி. நூறு வருடமாக மதுரைப் பெண்கள் புள்ளிமானைக் கட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போயிருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஓர் இருபத்திரண்டு வயது வரவேண்டியிருந்தது. நீலச் சுங்குடி ஒன்று நட்சத்திர வானமாகிப் பின்திரைக்குப் போனது.

கருதுகோள்

நாடகக் கதை எளியது. ஓர் அரசன் அரண்மனை கட்டக் காட்டை வெட்டச் சொல்கிறான். மான்கள் கெஞ்சுகின்றன. முனிவர் உபதேசிக்கிறார். கடைசியில் அரசன் மனம் மாறி அழ, காடு பூக்கிறது.

இதில் யாருக்கு எவ்வளவு உழைப்பு என்று கணக்கெடுத்தபோதுதான் இந்த ஆய்வின் மையமான விதி புலப்பட்டது. அரசனுக்கு நான்கு பக்க வசனம். உடை, வாடகைக்கு எடுத்த வெல்வெட் அங்கியும் கிரீடமும். அக்கா செலவிட்டது இஸ்திரி போட்ட நேரம். மந்திரிக்கு இரண்டு பக்கம். ஒரு சரிகைத் துண்டு, ஒரு நாமம், வேலை முடிந்தது. படைவீரனுக்கு "அப்படியே ஆகட்டும் மன்னா" என்ற ஒரே வரி. அவனுக்கு அட்டைக் கேடயம், அட்டைக் கோடரி, வெள்ளிப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் தலைக்கவசம் என்று அரைநாள். மானுக்கு வசனமே இல்லை, ஒரு துள்ளல் மட்டும். ஒரு சேலை முழுவதும், காது, வால், கொம்பு என்று இரண்டு நாள். மரத்துக்கு வசனமும் இல்லை, துள்ளலும் இல்லை. நான்கு மாலைகள் உட்கார்ந்து இலை இலையாக வெட்டி, நரம்பு வரைந்து, ஒவ்வொன்றாகத் தைத்தார்.

இதிலிருந்து பெறப்படுவது 'வசனக்குறை உடைநிறை விதி': ஒரு பாத்திரத்தின் வசனம் எவ்வளவு குறைகிறதோ, அதன் உடைக்கான உழைப்பு அவ்வளவு கூடும். இதனாற் சொல்லியது யாதோவெனின், நாடக சார் வசனம் கொடுக்காத பிள்ளைக்கு டிரஸ் அக்கா வசனம் கொடுக்கிறார். துணியில் கொடுக்கிறார் என்பது கருத்து.

நாடக சாருக்கு இந்த விதியில் உடன்பாடில்லை. ஒன்பதாம் நாள் மாலை இலைக்குவியலைப் பார்த்து, "மரத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு? பின்னாடிதானே நிக்கப் போகுது" என்றார்.

அக்கா நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "மரம் பின்னாடிதான் சார் நிக்கும். அவங்க அம்மா முன்வரிசையில உக்காருவாங்க."

முன்னதாக நடந்ததைச் சொன்னால்தான் இந்தப் பதில் விளங்கும். பாத்திரம் பிரித்த அன்று வாசலில் ஓர் அம்மா வந்து மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டே, "தம்பிக்கு என்ன வேஷம்?" என்று கேட்டார். எட்டு வயசுப் பையன் தரையைப் பார்த்தான். "மூணாவது மரம்."

"மரமா? பதினஞ்சு நாள் இந்த வெயில்ல கொண்டாந்து விடுறது மரமா நிக்கவா?"

அக்கா வளையல் குலுங்க ஓடிவந்தார். "அது சும்மா மரம் இல்லக்கா. பூக்குற மரம்."

அதுவரை கதையில் அப்படி ஒரு மரம் தனியாகக் கிடையாது. காடு பூப்பதை விளக்கொளியில் காட்டுவதாகத்தான் நாடக சாரின் திட்டம். வாசலில் வாயிலிருந்து விழுந்த சொல்லுக்காக அக்கா அன்றிரவே நோட்டில் படம் வரையத் தொடங்கினார்.

பொருத்திகள்

பூக்கும் மரத்தின் இயந்திர நுட்பத்தைச் சொல்லுமுன், உடையை உடம்பில் நிறுத்துகிற இரண்டு கருவிகளைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது ஊக்கு. திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. ஊக்கு உடையவரே ஊக்கம் உடையவர் என்று இவ்வாய்வாளர் ஒரு புத்துரை சொல்லிப் பார்த்தார்; தமிழாசிரியரான அவருடைய மைத்துனர் அன்றிலிருந்து பேசுவதில்லை. ஆகவே வரலாற்றோடு நிறுத்திக்கொள்வோம். இன்று நாம் அறிந்த, வளைந்த கம்பியும் மூடுகிற தொப்பியும் கொண்ட ஊக்குக்கு 1849 ஏப்ரல் 10இல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்ட்டர் ஹண்ட் காப்புரிமை பெற்றார். 15 டாலர் கடனை அடைக்க வேண்டிய நெருக்கடியில் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது யோசனை உதித்தது என்பார்கள். உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். கடன் அடைந்தது, மானம் மட்டும் உலகம் முழுக்கக் காப்பாற்றப்பட்டு வருகிறது.

இரண்டாவது வெல்க்ரோ. சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941இல் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது, நாயின் ரோமத்திலும் தன் உடையிலும் ஒட்டியிருந்த காய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். நுனியில் கொக்கி, கொக்கி மாட்டத் துணியில் வளையம். நம்மூரில் நாயுருவி ஒட்டாத வேட்டி இல்லை. நாம் திட்டிக்கொண்டே உதறினோம். அவர் உதறுமுன் ஒரு முறை பார்த்தார்.

உடையமைப்பில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒழுக்கம் சார்ந்தது. ஊக்கு வாக்குக் கொடுத்தால் மாறாது. குத்தினால் நாடகம் முடியும்வரை நிற்கும். வெல்க்ரோ எத்தனை முறை வேண்டுமானாலும் பிரியும், எத்தனை முறை வேண்டுமானாலும் சேரும். பிரியும்போது 'பர்ர்ர்' என்று ஊருக்கே சொல்லும்.

மூன்றாவது மரத்தின் உடுப்பு வருமாறு. கழுத்திலிருந்து முழங்கால் வரை இலைகள் தைத்த மேலாடை. நெஞ்சில் ஒரு மடிப்பு. மேலே தூக்கித் தோளில் ஒட்டியிருக்கும்வரை வெளியே இலைதான் தெரியும். உள்ளங்கைக்குள் ஒரு நூல். இழுத்தால் மடிப்பு கீழே விழும். அதன் உள்பக்கம் முழுக்க மஞ்சள் சாட்டின் நாடாக் கொத்துகள். மே மாதத்து மதுரையில் பூத்து நிற்கிற சரக்கொன்றை அப்படியே தொங்கும்.

தோளில் மடிப்பைப் பிடித்திருக்க வேண்டியது ஊக்கா, வெல்க்ரோவா? ஊக்கு என்றால் நூலை இழுத்துத் திறக்க முடியாது. வெல்க்ரோ என்றால் திறக்கலாம்; ஒத்திகையில் மறுபடி மறுபடி மூடிப் பழகலாம்; பிள்ளையே தன் கையால் தூக்கி ஒட்டிக்கொள்ளலாம். அக்கா வெல்க்ரோவைத் தேர்ந்தார். தொழில்நுட்ப ரீதியில் சரியான முடிவு. பிள்ளையே தன் கையால் மூடிக்கொள்ளலாம் என்றால் பிள்ளை மறுபடியும் திறக்கவும் செய்யலாம் என்பது மட்டும் கணக்கில் விடுபட்டுப் போனது.

களஆய்வு

கடைசி நாள். மாலை ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு நாடகம். வெல்வெட் அங்கிக்குள் அரசன் வேர்த்து ஒழுகி, "அக்கா, நான் மரமா மாறிக்கிறேனே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். மான்கள் வாலை மிதித்து விளையாடின. முதல் மரத்தின் கழுத்துநாடா பிய்ந்தது. தொடர்ந்து இரண்டாவது மரம், பிறகு மூன்றாவது.

அக்கா வளையலைப் பார்த்தார். காலி. ஆய்வாளர் கையிலிருந்த கொத்தும் காலி; பன்னிரண்டும் எப்போதோ மான் வால்களுக்குப் போயிருந்தன. (பிற்பாடு தெரிந்தது: படைவீரர்கள் சில ஊக்குகளை நிமிர்த்தித் தூண்டில் செய்திருந்தார்கள்.)

அக்கா ஓரத்திரையை விலக்கி, முன்வரிசையைப் பார்த்து, அடிக்குரலில் கேட்டார்: "அக்கா, யார்கிட்டயாவது ஊக்கு இருக்கா?"

இங்கேதான் இவ்வாய்வாளர் தம் ஆய்வு வாழ்க்கையின் மிக முக்கியமான காட்சியைக் கண்டார். முன்வரிசை அம்மாக்கள் ஒருவரும் கைப்பையைத் திறக்கவில்லை. எல்லோர் கையும் கழுத்துக்குப் போனது. தாலிச் சங்கிலியை வெளியே இழுத்தார்கள். அதில் தொங்கின ஊக்குகள். பெரிசு, சிறிசு, துரு ஏறியது, புதுசு. முந்தானைக்கு, பிள்ளையின் அறுந்த பித்தானுக்கு, காலில் தைத்த முள்ளை எடுக்க, எதற்கும் இருக்கட்டும் என்று ஆண்டுக்கணக்காகச் சுமந்த சேமிப்பு. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கை மாற்றி மேடைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மரத்தின் அம்மாவும் ஒன்று கழற்றினார். அது யார் கழுத்துக்குப் போனது என்று ஆய்வாளரால் உறுதிசெய்ய முடியவில்லை. எல்லாம் ஒரே உள்ளங்கையில் கலந்துவிட்டன.

நாடகம் தொடங்கியது. அரசன் வந்தான், முழங்கினான். மந்திரி வணங்கினார். மான்கள் துள்ளின. எல்லாம் ஒத்திகைப்படி. இருபதாவது நிமிடத்தில் அரசன் கையை உயர்த்தி, "இந்தக் காட்டில் ஒரு மரம்கூட மிஞ்சக் கூடாது! வெட்டுங்கள்!" என்றான்.

பர்ர்ர்.

மூன்றாவது மரம் பூத்தது.

இன்னும் முனிவர் வரவில்லை. உபதேசம் ஆகவில்லை. அரசன் அழவில்லை. ஆனாலும் மஞ்சள் கொத்துகள் மேடை விளக்கில் மின்னிக்கொண்டு தொங்கின. கூடத்தில் 'ஓ' என்று ஒரு சத்தம், பிறகு கைத்தட்டல். மரம் அதுவரை கைத்தட்டலை அனுபவித்ததில்லை. மடிப்பைத் தூக்கித் தோளில் ஒட்டியது. நூலை மறுபடி இழுத்தது. பர்ர்ர். இன்னும் பலத்த கைத்தட்டல். மூன்றாம் முறை. நான்காம் முறை. ஓரத்திரைக்குப் பின்னால் அக்கா இரண்டு கையாலும் 'வேண்டாம்' காட்டினார். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மரம் ஐந்தாம் முறை பூத்தது.

அரசன் மரத்தைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். நான்கு பக்கத்தில் இன்னும் ஒன்றரைப் பக்க வசனம் பாக்கி. அங்கிக்குள் வியர்வை ஓடியது. பன்னிரண்டு வயதுக்கு அவன் மிகவும் தெளிவானவன். கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"பூத்திருச்சு. விட்ருங்க, வெட்ட வேணாம்."

படைவீரன் கோடரியைத் தாழ்த்தினான். தனக்கென்று இருந்த ஒரே வரியை, அது எப்போதும் அந்த இடத்துக்காகவே எழுதப்பட்டது போலச் சொன்னான்: "அப்படியே ஆகட்டும் மன்னா."

கூடம் எழுந்து நின்று தட்டியது. முனிவராக உள்ளே காத்திருந்த பிள்ளை, தாடியோடு அழத் தொடங்கினான். நாடக சார் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிட உபதேசம், ஒரு பாட்டு, ஒரு மனமாற்றம் அத்தனையும் ஒரு முழம் வெல்க்ரோவில் முடிந்துபோயின.

மறுப்பும் விடையும்

இந்த முடிவின் மேல் இரண்டு மறுப்புகள் எழும்.

ஒன்று, ஓர் உடை நாடகத்தையே கவிழ்த்தால் அது நல்ல உடையா? உடை வெளியே துருத்தக் கூடாது, பாத்திரத்துக்குள் கரைய வேண்டும் என்பது பெரியவர்கள் சொல்வது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தெருக்கூத்தில் கட்டை கட்டிய அரசன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டால், வாய் திறக்குமுன்பே வந்தவன் யார் என்று கிரீடமும் தோள்கட்டையும் சொல்லிவிடும். இரவு முழுக்க ஆட வேண்டும் என்பதால் எடையில்லாத கல்யாண முருங்கை மரத்தில் அவற்றைச் செதுக்கினார்கள். உடை பேசுவது நம் மேடைக்குப் புதிதல்ல. குறுக்கே பேசியது மட்டும் புதிது.

இரண்டு, முனிவனின் கண்ணீருக்கு யார் பொறுப்பு? இந்த மறுப்புக்கு விடை இல்லை. முனிவனுக்கு மூன்று பக்க வசனம் இருந்ததால், விதிப்படி அவனுக்குக் கிடைத்தது ஒரு காவித் துண்டும் பஞ்சுத் தாடியும்தான். வசனமும் போனபின் அவன் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அக்கா அன்று இரவு அவனை உட்காரவைத்து, தாடியைக் கழற்றாமலே ஐஸ்கிரீம் ஊட்டினார். அடுத்த வருடம் முனிவருக்குக் கமண்டலத்தில் ஏதாவது செய்யலாம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததை ஆய்வாளர் பார்த்தார். விதி திருத்தப்படும் என்று தெரிகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: ஒரு நாடகத்தில் யார் முக்கியம் என்று எழுதியவர் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அளவெடுக்கிறவரிடம் இன்னொரு பட்டியல் இருக்கிறது. முதல் பட்டியலில் கடைசியில் நிற்கிறவர்கள் இரண்டாவதில் முதலில் நிற்கிறார்கள். அந்த இரண்டாவது பட்டியல் நாற்பது பக்க நோட்டில், 'ஒண்ணுக்கு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் பெயர் அழைப்பிதழில் 'உதவி' என்ற தலைப்பின் கீழ், ஒலிபெருக்கி உபயத்துக்கு அடுத்து வந்திருந்தது.

ஔவை சண்முகத்துக்கு நேர்ந்தது மூன்றாவது மரத்துக்கும் நேர்ந்திருக்கிறது. அந்தத் தெருவில் இப்போது அவனுக்குப் பெயர் கொன்றை. பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அவனுடைய அம்மா, கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறார்.

மேலாய்வுக்குரிய பொருள்: வாடகைக் கிரீடங்கள் ஏன் திரும்பி வருவதில்லை? 'காந்தி' படத்துக்கு உடை அமைத்ததற்காக 1983இல் ஆஸ்கர் வாங்கிய பானு அதையா, இந்தியர் வாங்கிய முதல் ஆஸ்கர் அது, தமக்குப் பின் அது பத்திரமாக இருக்க வேண்டும் என்று 2012இல் சிலையை அகாதமியிடமே திருப்பிக் கொடுத்தார். நம் அரசனின் வீட்டில் கிரீடம் இன்னும் டி.வி. மேலேயே இருக்கிறது. வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எந்தக் கோடை முகாமுக்குப் போய் வந்திருந்தாலும், சட்டையைத் துவைக்கப் போடுமுன் தடவிப் பாருங்கள்; ஊக்கு இருந்தால் கழற்றித் திருப்பி அனுப்புங்கள். அது யாரோ ஓர் அம்மாவின் சங்கிலியிலிருந்து வந்தது. வீட்டில் நைந்துபோன சுங்குடிச் சேலை இருந்தால், பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்கிவிடாதீர்கள். அடுத்த மே மாதத்துக்கு டிரஸ் அக்காவிடம் இரண்டு மான் குறைகிறது.